மரம், பனை, மூங்கில் வைத்து வீடு கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், பட்டுக்கோட்டைப் பக்கம் சின்ன வீடுகள் கட்டித் தருகிற பொறியாளர் நான். மனை பார்க்கப் போகும்போது "கான்கிரீட்டைக் கொஞ்சம் குறைத்து, மரமும் ஓடும் வைத்துப் பார்ப்போமா, பூமி சூடாவதில் நம் வீட்டுப் பங்காவது குறையும்" என்று கேட்பேன். உடனே கேள்விகள் வரும். வீட்டுக்காரர், அவருடைய மாமனார், மேஸ்திரி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் கேட்டாலும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தருகிறேன்.

மரத்தை வெட்டாதேன்னு பள்ளிக்கூடத்துல இருந்து சொல்லிட்டு, இப்ப மரத்துல வீடு கட்டச் சொல்றீங்களே சார்?

காட்டு மரத்தைத் தொடக் கூடாது என்பதில் எனக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது. நான் சொல்வது வரப்பிலும் தோப்பிலும் வாய்க்கால் கரையிலும் வெட்டுவதற்கென்றே நட்டு வளர்க்கும் மரத்தை. சவுக்கை யாரும் நிழலுக்காக நடுவதில்லை. நெல்லைப் போல அதுவும் ஒரு வெள்ளாமை, அறுவடைக்குச் சில வருஷம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மரம் வளரும்போது, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அதை அடுப்பில் வைத்தால் அன்றைக்கே வந்த வழியில் போய்விடும். உத்தரமாகவோ நிலையாகவோ வீட்டில் நிறுத்தினால் வீடு இருக்கும்வரை அங்கேயே இருக்கும். வெட்டிய இடத்தில் வைத்த கன்று மறுபடியும் இழுக்க ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பலன். வெட்டிவிட்டு அந்த இடத்தைப் பிளாட் போட்டு விற்றால் கணக்கு தலைகீழாகிவிடும்.

சிமெண்டுல அப்படி என்னதான் கெடுதல்? அதுவும் மண்ணுல இருந்து வர்ற பொருள்தானே?

சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக் கல். சுத்தமான சுண்ணாம்புக் கல்லை 100 கிலோ சுட்டால் அதில் 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். எரிபொருளை மாற்றினாலும், சூரிய மின்சாரம் வைத்தாலும் இந்த 44 கிலோவைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு மேல், சூளையை 1,450 டிகிரி வரை சூடேற்ற நிலக்கரி எரிக்க வேண்டும். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் ஒன்றால் மட்டும் வருகிறது. இரும்பு, எஃகு ஆலைகளும் அதே அளவுக்குப் போட்டி போடும்.

சிமெண்டை ஒழிக்கச் சொல்லவில்லை. அஸ்திவாரம், கழிவறைத் தரை, தண்ணீர்த் தொட்டி இதற்கெல்லாம் நானும் அதைத்தான் போடுகிறேன். தேவை இல்லாத இடத்தில் பழக்கத்துக்காகக் கொட்டுவதைத்தான் குறைக்கச் சொல்கிறேன்.

எங்க வீட்டுல நிலை, கதவு, ஜன்னல் எல்லாமே தேக்குதான் போட்டிருக்கோம். அப்ப எங்க வீடு பசுமை வீடுதானே?

இந்தக் கேள்விக்குக் கணக்கோடுதான் பதில் சொல்வேன். ஒரு கன அடி தேக்கு காய்ந்த நிலையில் 18 கிலோ எடை வரும். ஈரத்தைக் கழித்து, அதற்குள் இருக்கும் கார்பனைக் கரியமில வாயுவாக மாற்றிப் பார்த்தால் சுமார் 30 கிலோ (ஆக்சிஜன் சேர்வதால் எடை கூடுகிறது). சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் ஒரு மூட்டை தயாரிக்கும்போது வெளியாவதும் ஏறத்தாழ அதே 30 கிலோதான். சாம்பல் கலக்காத ஓபிசி என்றால் 40 கிலோவைத் தாண்டும். ஆக, ஒரு கன அடி தேக்குக்கு ஒரு மூட்டை சிமெண்ட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வீட்டைப் பார்ப்போம். 1,000 சதுர அடி வீட்டுக்கு நம் மேஸ்திரிகள் போடும் கணக்குப்படி 400 மூட்டை சிமெண்டும் 4 டன் கம்பியும் ஆகும். சிமெண்டுக்கு 12 டன், கம்பிக்கு டன்னுக்கு இரண்டரை வீதம் 10 டன், ஆக 22 டன் கரியமில வாயு. செங்கல்லை இன்னும் சேர்க்கவில்லை. நிலை, ஜன்னலுக்கு 50 கன அடி தேக்கு போட்டிருந்தால் அது பிடித்து வைத்திருப்பது ஒன்றரை டன். கெட்டது இல்லை, ஆனால் அதை வைத்து இந்த 22 டன்னைச் சரிக்கட்ட முடியாது.

உண்மையான லாபம், மரம் வந்து கான்கிரீட்டையோ கம்பியையோ வெளியே அனுப்பும் இடத்தில் இருக்கிறது. அப்படி ஒரு இடம் கூரை. 1,000 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் கிட்டத்தட்ட 95 மூட்டை சிமெண்டும் ஒரு டன் கம்பியும் போகும். அது மட்டும் ஐந்து டன்னுக்கு மேல் வரும். அந்த ஒரு தளத்துக்குப் பதில் மரச்சட்டமும் ஓடும் வந்தால், வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளையும் மாற்றுவதைவிட அதிகப் பலன்.

வெளிநாட்டுல இருபது மாடிக்கு மேல மரத்துலயே கட்டுறாங்களாமே, நெசமா?

நிஜம்தான். நார்வேயில் புரூமுண்டால் என்ற ஊரில் மியோஸ்டார்னெட் என்று 18 மாடிக் கட்டடம் 2019-இல் முடிந்தது. உயரம் 85.4 மீட்டர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அசென்ட் என்ற 25 மாடிக் கட்டடம் 2022-இல் அதையும் கொஞ்சம் தாண்டியது. ஆனால் இவை முழுக்க மரம் என்று நினைக்க வேண்டாம். நார்வேக் கட்டடத்தின் மேல் மாடிகளில், காற்றில் ஆடாமல் இருக்க எடை வேண்டும் என்று கான்கிரீட் தளம் போட்டிருக்கிறார்கள். மில்வாக்கியில் கீழ்ப்பகுதியும் லிப்ட் சுவர்களும் கான்கிரீட். பொருளைத் தேவைக்கேற்பக் கலக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை என்பதால்தான் எனக்கு அவற்றின் மேல் மரியாதை.

அங்கே பயன்படுத்துவது பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய தடித்த பலகை. 1990-களில் ஆஸ்திரியாவில் வளர்ந்த நுட்பம். நம் ஊர் மரக்கடையில் கேட்டால் கிடைக்காது, கப்பலில் வரவழைத்துச் சின்ன வீடு கட்டுவதிலும் அர்த்தம் இல்லை. நமக்கு நம் வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

தம்பி, நம்ம ஊரு மழைக்கும் கரையானுக்கும் மரம் தாங்குமா? பத்து வருஷத்துல உளுத்துப் போயிடாது?

தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை ஒரு தடவை போய்ப் பாருங்கள் ஐயா. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டும் கன்னியாகுமரி மாவட்டத்தில், 400 வருஷப் பழமை உள்ள மர வேலை இன்னும் நிற்கிறது. சரிந்து இறங்கும் கூரை, நீண்ட இறவாணம் (சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு), காற்று நுழையும் மர அழிகள். மழை மரத்தைத் தொடுவதே இல்லை, தொட்டாலும் உடனே காய்ந்துவிடும்.

மரம் மழையால் அழிவதில்லை, காயாமல் இருப்பதால் அழிகிறது. கரையான் மண்ணிலிருந்து ஏறி வரும். அதனால்தான் செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணுக்குக் கீழே கல் பாதம் இருக்கிறது. நான் கடைப்பிடிப்பதும் அதுதான். மரம் எங்கும் மண்ணைத் தொடக் கூடாது. சிமெண்டுக்குள் புதைகிற உத்தர முனைக்கு மூச்சு விட இடைவெளி வேண்டும். இறவாணம் குறைந்தது இரண்டு, இரண்டரை அடியாவது வெளியே வர வேண்டும். அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்து அடித்துவிட வேண்டும். கூரை மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது கடலோர ஊர்களில் பழைய பழக்கம், இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

உளுத்துப் போன மரங்களை நானும் பிரித்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மேலே ஓடு உடைந்து மழை ஒழுகியிருந்தது, வருஷக்கணக்கில் யாரும் மாற்றவில்லை. ஓட்டு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஏறிப் பார்க்கும் ஆள் வேண்டும். அதற்குத் தயார் இல்லையென்றால் மரக்கூரை வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

கும்பகோணத்துல புள்ளைங்க எரிஞ்சதை மறந்துட்டீங்களா? தீ பிடிச்சா என்ன பண்றது?

மறக்கவில்லை. மறக்கவும் முடியாது. 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தக் கூரை தென்னங்கீற்று. அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகை கூடாது என்று வந்தது மிகச் சரியான முடிவு. மக்கள் கூடும் எந்த இடத்துக்கும் கீற்று வேய நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், சமையலறைக்கும்தான்.

ஆனால் கீற்றும் உத்தரமும் ஒன்றில்லை. கீற்று மெல்லியது, காய்ந்தது, நாலு பக்கமும் காற்று புகும். ஒரு பொறி போதும். எட்டு அங்குல உத்தரத்தைத் தீக்குச்சியால் கொளுத்த முடியாது. பெரிய தீயில் அகப்பட்டாலும் மேல்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் அளவில்தான் கரி உள்ளே இறங்கும், வைரம் பாய்ந்த மரத்தில் இன்னும் மெதுவாக. அரை மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர். அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கூடுதலாக வைத்து உத்தரத்தின் அளவைப் போட்டால், ஆட்கள் வெளியே வர நேரம் கிடைக்கும். மூடாத இரும்புச் சட்டம் 600 டிகிரிக்குள் பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும்.

இதனால் அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. மரக்கூரை வீட்டில் மின்கம்பியைக் குழாய்க்குள்தான் கொண்டுபோக வேண்டும், தரமான டிரிப்பர் வேண்டும், மாடியில் படுப்பவர்களுக்கு இரண்டாவது வழி வேண்டும். இதில் ஒன்றைக் குறைத்தால் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள்.

தேக்குக்கு விலை கட்டுப்படியாகலை. வேற என்ன மரம் போடலாம்?

தேக்கு தவிர எல்லாம் மட்டமான மரம் என்று எப்படியோ நம் மனதில் பதிந்துவிட்டது. வேம்பு நிலைக்கும் ஜன்னலுக்கும் நல்ல மரம், அதன் கசப்புக்குப் பூச்சி பயப்படும். பூவரசு இழை நெருக்கமானது. பலாவில்தான் தஞ்சாவூர் வீணை செய்கிறார்கள், அதே பலாவில் கதவு போட்டால் மஞ்சள் நிறம் வருஷம் ஆக ஆகத் தேன் நிறமாகும். வாகை, கருவேலம், வேங்கை எல்லாமே நம் பெரியவர்கள் வண்டிக்கும் வீட்டுக்கும் நம்பிப் போட்டவை. எதுவானாலும் வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் பகுதி) இல்லாமல், வைரமாக (உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதி) பார்த்து வாங்க வேண்டும். வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் பூச்சிக்குச் சோறு, தேக்கிலும் கூட.

தேக்கே வேண்டும் என்பவர்களுக்கு, காவிரிப் படுகையிலும் கால்வாய்க் கரையிலும் வளர்ந்த தேக்கு இருக்கிறது. மலைவேம்பை ப்ளைவுட்டுக்காக நிறையப் பேர் வளர்க்கிறார்கள், ஆனால் அதைச் சுமை தாங்கும் உத்தரமாக வைக்க வேண்டாம்.

பர்மா தேக்குதான் உசத்தின்னு ஆசாரி சொல்றாரே?

பழைய பர்மா தேக்கு உசத்திதான், செட்டிநாட்டு வீடுகளே சாட்சி. ஆனால் அது நூறு வருஷத்துக்கும் மேல் காட்டில் நின்ற மரம். மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்த நாட்டு அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. இன்று கடையில் "பர்மா" என்று சொல்லி விற்பது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் தேக்கில் ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காத் தோட்டத் தேக்கும் உண்டு, பெயர் மட்டும் கடையில் மாறிவிடும். காட்டை அழித்து வந்த மரத்தை வைத்துக் கட்டினால் முதல் கேள்வியில் சொன்ன நியாயம் எதுவும் பொருந்தாது. தோட்டத்து மரமா, காகிதம் உண்டா என்று கேட்டு, இல்லை என்றால் வேம்புக்குப் போங்கள்.

எங்க தோட்டத்துலயே நாலு தேக்கு நிக்குது. வெட்டி அப்படியே அறுத்து வச்சுடலாமா?

அப்படியே வைக்கக் கூடாது. பச்சை மரத்தில் நிலை வைத்தால் இரண்டு கோடையில் கதவு மூடாது. நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்து அடுக்கிக் காய விடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அறுப்பு மில்லில் சீசனிங் அறை (மரத்தைச் சூட்டில் உலர்த்தும் அறை) இருந்தால் சில வாரங்களில் முடியும். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி, ஒரு துண்டை மாதம் ஒரு முறை எடை போடுவது. எடை குறைவது நின்றால் வேலையை ஆரம்பிக்கலாம்.

வெட்டுவதற்கு முன் உங்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், மலைப்பகுதியில் விதிகள் இன்னும் கடுமை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வெட்டிய பிறகு கேட்கப்போய், மரம் மழையில் கிடந்து வீணாகிவிட்டது.

பனை மரத்துல கூரை போட்ட வீடெல்லாம் தாத்தா காலத்தோட போச்சே. இப்பவும் போடலாமா?

போடலாம். பனையில் வெளிப்புறம்தான் வைரம், உள்ளே நார்ச்சோறு. நல்ல முதிர்ந்த பனையைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு வரும் கூரைச் சட்டமான பனங்கைக்கு ஈடாக வேறு மரம் சொல்வது கஷ்டம். எண்பது வருஷ வீட்டைப் பிரித்தபோது எடுத்த பனங்கையில் ஆணி இறங்காமல் வளைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் புதிதாகப் பனையை வெட்டச் சொல்ல மாட்டேன். அது முதிர எத்தனையோ பத்தாண்டு ஆகும், நம் மாநில மரம் வேறு. வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் பனங்கை கிடைத்தால் விடாதீர்கள், விறகு விலைக்குத் தருவார்கள்.

அப்ப தென்னை? கஜா புயல்ல விழுந்த மரத்தையெல்லாம் எரிச்சுத்தானே தீர்த்தோம்?

இது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் பகுதியில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. முப்பது நாற்பது வருஷ மரங்கள், கட்டடத்துக்கு ஏற்ற வயசு. அறுக்க மில் இல்லை, பதப்படுத்த இடம் இல்லை, வாங்க ஆள் இல்லை. செங்கல் சூளைக்குப் போனது போக மிச்சம் அங்கேயே மக்கியது, அதில் காண்டாமிருக வண்டு பெருகி நின்ற மரங்களையும் தின்றது.

பிலிப்பைன்ஸில் புயல் சாய்க்கிற தென்னையை அறுத்து வீடு கட்டுவது சாதாரணம். தென்னையும் பனை மாதிரிதான், அடிமரத்தின் வெளிப்புறம் கெட்டி, நடுப்பகுதியும் நுனியும் மெத்து. கெட்டியான பகுதியைப் பிரித்து அறுத்து, பூச்சி அரிக்காமல் இருக்க போராக்ஸ் உப்புக் கரைசலில் ஊற வைத்து, கூரைக்குள் மழை படாமல் வைத்தால் கைமரமாகவும் (கூரையின் சாய்சட்டம்) ரீப்பராகவும் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நிற்கும். தென்னையில் இருக்கும் சிலிக்கா சாதாரண வாளின் பல்லைச் சீக்கிரம் மழுக்கும், கார்பைடு பல் வைத்த வாள் வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு மில் இதற்கென்று இருந்தால் அடுத்த புயலுக்கு நாம் அவ்வளவு இழக்க மாட்டோம்.

மூங்கில்ல கட்டுறது சட்டப்படி சரியா? காட்டு இலாகா பிடிக்க மாட்டாங்களா?

மூங்கில் புல் இனம். ஆனால் 1927-ஆம் வருஷ வனச் சட்டம் அதை மரம் என்றே வைத்திருந்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டுமானத்துக்கும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு, மூங்கில் கட்டட வடிவமைப்புக்கு ஐஎஸ் 15912. 2016-ஆம் வருஷ தேசியக் கட்டட விதித் தொகுப்பில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனிப் பகுதியே இருக்கிறது.

மூன்று வருஷம் முடிந்த கழியாக வெட்ட வேண்டும். இளசில் மாவுச்சத்து அதிகம், பூச்சி பொடியாக்கிவிடும். தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள். நான் தேய்பிறையையும் பார்த்துவிட்டு, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் கணுவைத் துளைத்து ஊறவும் வைக்கிறேன், ஊற வைப்பதை மட்டும் விடவே மாட்டேன். ஆணி அடித்தால் பிளக்கும், போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மழைக்கும் மண்ணுக்கும் ஐந்தாவது கேள்வியில் சொன்ன விதிகளேதான்.

கம்பி விலை ஏறிப்போச்சு. கம்பிக்குப் பதிலா மூங்கில் வச்சு கான்கிரீட் போட்டா ரெண்டும் மிச்சம்தானே?

தயவுசெய்து வேண்டாம். ஈரக் கான்கிரீட்டில் மூங்கில் தண்ணீர் குடித்து உப்பும், பிறகு காய்ந்து சுருங்கும். சுருங்கியதும் கான்கிரீட்டுக்கும் அதற்கும் பிடிப்பு போய்விடும். உள்ளே மக்கினாலும் வெளியே தெரியாது. தளம் விழும்போதுதான் தெரியும். மூங்கிலை மூங்கிலாகவே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக் கட்டுங்கள்.

டபிள்யூபிசி நிலை, யுபிவிசி ஜன்னல் போட்டா மரத்தைக் காப்பாத்தின மாதிரிதானே?

டபிள்யூபிசி (வுட் பிளாஸ்டிக் காம்போசிட்) என்ற பெயரில் மரம் இருக்கிறது, பொருளில் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்தான். யுபிவிசியும் பிளாஸ்டிக்தான். குளியலறைக் கதவுக்கு நானும் போடுவேன். மற்ற இடத்தில் பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருளை வைத்து மரத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்ல முடியாது. அலுமினியத்தின் கரியமிலச் சுமை இன்னும் அதிகம், புதிதாக உருக்கும் ஒரு டன்னுக்குப் பத்து டன்னுக்கு மேல் கரியமில வாயு. வேப்பமர ஜன்னல் இவை எல்லாவற்றையும்விட இலேசான சுமை.

மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் இதே கணக்குல வருமா?

மண் மறுபடி வளரும் பொருள் இல்லை, ஆனால் சுடாமல் பயன்படுத்தினால் அதன் சுமை மிகக் குறைவு. ஆரோவில் மண் ஆய்வு நிறுவனத்தார் ஐந்து விழுக்காடு அளவில் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண் கட்டியை நான் தைரியமாகப் பரிந்துரைக்கிறேன். சுண்ணாம்பைப் பற்றி ஒரு திருத்தம். அது கரியமில வாயுவை வெளியிடாது என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் கல்லைச் சுட்டுத்தான் வருகிறது, அந்த 44 கிலோ அதிலும் போகும். சுவரில் பூசிய பின் காற்றிலிருந்து மெல்ல மெல்லப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். சூளையில் எரித்த விறகின் கணக்கு மட்டும் நிற்கும்.

எல்லாரும் மரத்துலயே கட்ட ஆரம்பிச்சா காடு மிஞ்சுமா சார்?

எல்லோரும் கட்ட முடியாது. நம் மக்கள் தொகைக்கு அவ்வளவு மரம் கிடையாது. அதனால்தான் மரத்தைக் கூரை போலக் கான்கிரீட்டை வெளியேற்றும் இடத்தில் வைக்கச் சொல்கிறேன், சுவர் முழுக்க அலங்காரப் பலகை அடிப்பதற்கு இல்லை.

காட்டைக் காக்கும் சட்டத்தின் ஒரு வேர் நம் ஊரில்தான் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அனுமதியற்ற காட்டு வெட்டை நிறுத்தியது. அது அப்படியே நிற்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டது, 2020-இல் எடுத்தது. இந்த 27 வருஷமும் மரத்துக்குப் பதில் இரும்பும் அலுமினியமும் போயின, மரம் நட்ட விவசாயிக்கு ஒரு பெரிய வாங்குபவர் இல்லாமல் போனார். நாட்டில் இன்று விளையும் மரத்தில் பெரும்பகுதி காட்டுக்கு வெளியேதான் வளர்கிறது. வாங்குபவர் இருந்தால்தான் விவசாயி அடுத்த கன்றை நடுவார்.

அதற்காகப் புல்வெளியைக் கண்ட இடத்தில் ஒரே மரத்தை நடுவதையும் நான் ஆதரிக்கவில்லை. நீலகிரியில் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளைச் சீகை மரமும் தைல மரமும் எப்படி விழுங்கின என்பதைப் பார்த்தவர்கள் அந்தத் தவறைத் திரும்பச் செய்யக் கூடாது. வரப்பு, வாய்க்கால் கரை, தரிசு, இவை போதும்.

நாற்பது வருஷம் கழிச்சு பிள்ளைங்க வீட்டை இடிச்சுடுவாங்க. அப்ப அந்தக் கார்பன் எல்லாம் திரும்ப வெளியே வந்துடுமே?

எரித்தால் வரும், மக்கினாலும் வரும். அதனால்தான் மூன்றாவது கேள்வியில் தேக்குக்குள் நிற்கும் கார்பனைவிட, போடாமல் விட்ட சிமெண்டுக்கு அதிக மதிப்பு கொடுத்தேன். போடாத சிமெண்டின் கணக்கு திரும்பி வராது.

ஆனால் மரத்துக்கு இரண்டாம் வாழ்க்கை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளைப் பாருங்கள். இடித்த வீட்டுத் தூணும் நிலையும் புதிய வீடு தேடி வரிசையாக நிற்கின்றன. அதற்கு ஏற்ற மாதிரி இன்றே கட்ட வேண்டும். பசை போட்டு ஒட்டாமல் போல்ட்டும் முளையும் வைத்து முடுக்கினால், பிரிப்பவர் கடப்பாரை இல்லாமல் பிரிக்கலாம்.

ஓடு போட்டா மேல மாடி எழுப்ப முடியாதே? மொட்டை மாடியில வத்தல் காய வைக்கணும், துணி காய வைக்கணும்.

எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார்கள். மொட்டை மாடிக்கும் மர வழி உண்டு, பேர் மெட்ராஸ் டெரஸ். உத்தரத்தின் மேல் மரச்சட்டங்கள், அதன்மேல் சின்னச் செங்கலைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீர் தெளித்து இடித்து, கடைசியில் தட்டோடு. கம்பி இல்லை, சிமெண்ட் இல்லை. சென்னையிலும் தஞ்சாவூரிலும் நூறு வருஷம் தாண்டியவை இன்னும் இருக்கின்றன. செய்யத் தெரிந்த கொத்தனார் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் சிரமம். தெரிந்தவரைக் கூட்டி வந்தால், கூடவே இரண்டு இளைஞர்களை நிறுத்திப் பழக்குங்கள்.

அது முடியாதவர்களுக்கு நான் சொல்வது, கீழ்த்தளம் கான்கிரீட், மாடிக்கு மட்டும் ஓட்டுக் கூரை. ஒரு தளம் மிச்சம், மாடி அறையில் வெயிலும் குறையும். துணி காய வைக்க ஒரு பக்கம் திறந்த இடம் விட்டுவிடலாம்.

செலவு கூடுமா, குறையுமா?

மரத்தை எங்கே வாங்குகிறீர்கள், ஆசாரி கிடைக்கிறாரா என்பதைப் பொறுத்தது. கடைத் தேக்கில் கூரை போட்டால் கான்கிரீட்டைவிடக் கண்டிப்பாகக் கூடும். பிரித்த மரம், சொந்தத் தோட்டத்து வேம்பு, பழைய ஓடு என்று சேர்த்தால் குறைத்தும் கட்டியிருக்கிறோம். வங்கிக் கடன் வாங்குபவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுக் கூரை என்றதும் மதிப்பைக் குறைத்துப் போட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கையும் ஐஎஸ் 883 என்ற மரக் கட்டுமானத் தர எண்ணையும் வரைபடத்தோடு வைத்த பிறகுதான் அவர்கள் இறங்கி வந்தார்கள்.

எங்க வீடு லிண்டல் வரைக்கும் வந்துடுச்சு. இனிமே ஏதாவது மாத்த முடியுமா?

முடியும். தளம் போடவில்லை அல்லவா? போர்ட்டிகோவுக்கும் பின்பக்கத் தாழ்வாரத்துக்கும் கான்கிரீட் வரைந்திருந்தால் அதை நிறுத்தி, மரச்சட்டமும் ஓடும் போடச் சொல்லுங்கள். உள்ளே போடும் லாஃப்டில் பாதி தேவையில்லாதது, அதை ப்ளைவுட் அலமாரியாக்கலாம். ஜன்னலுக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால் வேம்பு கேட்டுப் பாருங்கள். காய்ந்த மரம் கிடைக்கத் தாமதமானால் ஜன்னல் வாயை இரண்டு மாதம் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள், அவசரத்துக்குப் பச்சை மரம் வாங்கிவிடாதீர்கள்.